கையின் எல்லை: தமிழ் உறுப்புச் சொற்களின் வரலாறும் பட்டாசுத் தொழில் வட்டாரத்தின் தேவையும்

முன்னுரை

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரப் பட்டாசுத் தொழிலாளரிடையே ‘மருந்து’ என்றால் அது பெரும்பாலும் வெடிமருந்தையே குறிக்கும். அதைக் கலப்பதும் செலுத்துவதும் பெரிதும் கைவேலைகள். ஆதலின் விபத்து நேரும்போது முகமும் கையும் எளிதில் காயமுறுகின்றன. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த பெருவிபத்துகள் உயிரிழந்தோரின் எண்ணிக்கையால் நினைவுகூரப்படுகின்றன. உயிர் பிழைத்தோரின் உடலை எச்சொற்களால் பதிவு செய்வது என்பதும் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்க வினாவே. ‘கை’, ‘நரம்பு’ ஆகிய இரு சொற்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

இரு அளவைகள்

காயமுற்ற உடலை இரு அளவைகள் மதிப்பிடுகின்றன. ஒன்று மருத்துவ அளவை. 1951இல் வாலஸ் வெளியிட்ட ஒன்பதின் விதிப்படி, வளர்ந்தோரின் தலையும் கழுத்தும் உடற்பரப்பில் 9 விழுக்காடு; தோள் முதல் விரல்நுனி வரை ஒரு கை 9 விழுக்காடு; ஒரு கால் 18 விழுக்காடு. விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. பெருந்தீக்காயத்திற்குச் செலுத்தவேண்டிய நீர்மத்தின் அளவு இவ்விழுக்காட்டைக் கொண்டே கணிக்கப்படுகிறது.

மற்றொன்று சட்ட அளவை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, பிந்தைய திருத்தங்களோடு, உறுப்பிழப்பை வருவாய் ஈட்டும் திறனின் இழப்பாகக் கணக்கிட்டது. தோள்மூட்டில் கை துண்டிக்கப்பட்டால் 90 விழுக்காடு. மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைம்முழுமையும் இழந்தால் 60. கட்டைவிரல் இழந்தால் 30. அதன் உள்ளங்கை எலும்பும் சேர்ந்து போனால் 40. சுட்டுவிரல் முழுமைக்கு 14, இரு கணுக்களுக்கு 11, ஒரு கணுவுக்கு 9.

‘கை போயிற்று’, ‘கை வெந்தது’ என்னும் வழக்குத் தொடர்கள் இவ்விரு அளவைகளுக்கும் போதா. தமிழில் ‘கை’ தோள் முதல் விரல்நுனி வரையுள்ள முழு உறுப்பையும் குறிக்கும். மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் குறிப்பதும் உண்டு.

மானிப்பாய் முயற்சி

மேலை மருத்துவத்தின் உறுப்புச் சொற்களைத் தமிழில் முறைப்படுத்திய முன்னோடி முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். பின்னர் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். கால்வின் கட்டரின் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1857இல் தமிழில் வெளிவந்தது. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலியன தொடர்ந்தன. தமிழ்ச்சொல் கிட்டினால் அதையே கொள்வது, கிட்டாதபோது வடமொழியை நாடுவது, அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதுவது என்பது அவர் பின்பற்றிய சொல்லாக்க நெறி.

அவர் நூல்களின் தலைப்புச் சொற்கள் நிலைக்கவில்லை. ‘அங்காதிபாதம்’ இன்று உடற்கூறியல் எனவும் ‘சுகரணம்’ உடலியங்கியல் எனவும் வழங்குகின்றன. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘கலைச்சொற்கள்’ போன்ற பிற்காலத் தொகுப்புகள் வேறு வழிகளில் சென்றன. எனினும் இருக்கும் சொல்லை முதலில் தேடவேண்டும் என்னும் நெறி இன்றும் பயன் தருவது.

நரம்பும் கையும்

அந்நெறியை இவ்விரு சொற்களிலும் பொருத்திப் பார்க்கலாம். யாழின் தந்தியும் நரம்பு; உடலில் கயிறுபோல் ஓடுவனவும் நரம்பு. சித்த மரபு எழுபத்தீராயிரம் நாடி நரம்புகளைப் பேசும். இன்றும் மக்கள் ‘நரம்பு ஊசி’ என்பது சிரையில் இடும் ஊசியையே. எனவே ‘நரம்பு அறுந்தது’ என்னும் கூற்று குருதிக்குழாய், உணர்வு நரம்பு, தசைநாண் ஆகிய மூன்றில் எதையும் குறிக்கக்கூடும். மூன்றின் விளைவுகளும் வெவ்வேறு. உணர்வு நரம்பு அறுந்தால் விரல் மரத்துப்போகும். தசைநாண் அறுந்தால் உணர்வு இருந்தும் விரல் மடங்காது. இங்கே சிரை, தமனி, நரம்பு, தசைநாண் என்னும் கலைச்சொற்பிரிவு இன்றியமையாதது.

‘கை’யின் நிலை வேறு. இங்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, புறங்கை, உள்ளங்கை, விரல், கணு என்னும் வரிசை பேச்சிலேயே உள்ளது. முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்தை முழம் என்று அளந்து பூ விற்கும் சமூகத்திற்கு மூட்டெல்லைகள் புதியன அல்ல. இழப்பீட்டு அட்டவணையின் எல்லைகளும் பெரும்பாலும் இம்மூட்டுகளே.

முடிவுரை

கலைச்சொல் வரலாற்றைப் புதுச்சொற்கள் பிறந்த வரலாறாக மட்டும் காண்பது போதாது. ‘நரம்பு’க்குக் கலைச்சொல் தேவைப்பட்டது, ‘கை’க்கு இருக்கும் சொற்களை எழுத்தில் பயன்படுத்தும் ஒழுங்கே தேவை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. காயக்குறிப்பில் பக்கம், மூட்டு, விரல், கணு ஆகிய நான்கையும் தமிழில் எழுதும் வழக்கத்தை இவ்வட்டாரத்திலேயே தொடங்கலாம். ‘வலக்கைச் சுட்டுவிரல், இரு கணுக்கள்’ என்று எழுதப்பட்ட குறிப்பை மருத்துவர், வழக்குரைஞர் மட்டுமன்றி, காயமுற்ற தொழிலாளியும் படித்துச் சரிபார்க்க இயலும். தம் உடலைப் பற்றிய பதிவில் பிழையிருப்பின் அதைச் சுட்டும் ஆற்றலை அவருக்கு அளிப்பதே இச்சொற்களின் பயன்.