நினைவு கைமாறாத தொழில்வெளி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு ஏன் ஒரு தொழிலாளர் அருங்காட்சியகம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பழமைக்கு இடம் இருக்கிறது. பக்கத்து வட்டாரமான அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இராமானுசர் பிறந்த ஊர் என்ற பெருமையைக் கோயில் காக்கிறது. 1991 மே 21-இல் இங்கே நடந்த ராஜீவ் காந்தி படுகொலைக்கு நினைவிடம் இருக்கிறது. ஆனால் 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்ததிலிருந்து இந்த மண்ணில் நடந்துவரும் பெருமாற்றத்தை, அதில் உழைத்தவர்கள் பக்கம் நின்று சொல்லும் பொது அருங்காட்சியகம் எதுவும் இல்லை.

அருங்காட்சியகம் சமூக மாற்றத்துக்குத் துணைபுரியும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. உலக அருங்காட்சியகக் குழுமம் 2022-இல் பிராகாவில் ஏற்ற வரையறையும் சமூகத்தின் பங்கேற்பை வலியுறுத்துகிறது. எந்த வழியில் துணைபுரியும் என்பதே கேள்வி. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை என் விடை இது: இங்கே தொழிலாளரின் அனுபவம் ஓர் அணியிடமிருந்து அடுத்த அணிக்குக் கைமாறுவதில்லை. அந்த அறுபட்ட இழையை முடிச்சிட்டு இணைப்பதுதான் அருங்காட்சியகம் இங்கே செய்யக்கூடிய வேலை.

பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கிருந்துதான் எழுந்தது. ஆலையைச் சுற்றியே குடும்பங்கள் குடியிருந்தன. ஒரே வீட்டிலிருந்து இரண்டு தலைமுறை சங்கொலி கேட்டு வேலைக்குப் போனது. வேலைநிறுத்தத்தின் கதையைத் தெருவே வைத்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அப்படி ஒரு தெரு இல்லை. கைபேசி ஆலைகளின் லைன்களில் நிற்போரில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திருமணத்துக்கோ வேறு வேலைக்கோ ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களோடு அவர்கள் கற்றதும் போய்விடுகிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற, தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதி நிலைமை அதன்பின்தான் நாடறிந்த கேள்வியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும், அரசு நிறுவனமான சிப்காட்டின் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அந்த மறியல் மட்டுமே இதற்குக் காரணம் என்பது மிகை. அதற்குப் பங்கே இல்லை என்பது அநியாயம். இன்று அங்கே குடியேறும் பதினெட்டு வயதுப் பெண் 2021-இல் பள்ளி மாணவி. தான் படுக்கும் கட்டிலுக்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டென்று அவளுக்கு யார் சொல்வது? அடுத்த குறையை அவள் புதிதாகவே, தனியாகவே எதிர்கொள்கிறாள். 2006-இல் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலையின் பாடமும், 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் நீடித்த சாம்சங் வேலைநிறுத்தத்தின் பாடமும் இப்படியே கரைந்துவிடக் கூடும்.

ஆனால் எல்லா அருங்காட்சியகமும் இந்த இழையை இணைத்துவிடாது. இலங்கை மலையகத்தில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. கண்டிக்கு அருகே அந்தானையில், 1925-இல் கட்டிய தொழிற்சாலையில் 2001-இல் அமைந்த தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் முன்னோடித் துரைமாரையும் முன்னிறுத்துகிறது. கம்பளைப் பக்கம் 2007-இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமோ தொழிலாளர் வாழ்ந்த ஒரு பழைய லயன் குடியிருப்பிலேயே இயங்குகிறது. தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, தங்கள் உழைப்பே அந்நாட்டின் வரலாறு என்று காட்டும் இடம் வெறும் காட்சிக்கூடம் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நாளை ஒரு தொழில் அருங்காட்சியகம் வந்தால் அது அந்தானை வழியில் போகவே வாய்ப்பு அதிகம்: முதல் கார், கோடியாவது கைபேசி, ஒப்பந்தம் கையெழுத்தான படம்.

தைவானின் காவ்சியுங் நகரம் இன்னொரு பாதையைக் காட்டுகிறது. 1973 செப்டம்பர் 3 அன்று ஏற்றுமதி வளாகத்து வேலைக்குப் புறப்பட்ட 25 இளம்பெண்கள் படகு மூழ்கி இறந்தார்கள். மணமாகாதவர்கள் என்ற அடையாளத்தோடு ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெண்கள் அமைப்புகளின் நீண்ட முயற்சிக்குப் பின் 2008-இல் அந்த இடம் பெண் தொழிலாளர் நினைவுப் பூங்காவாயிற்று. வேலைக்குப் போன வழியில் இறந்தவர்கள் என்பதைப் பொதுவெளி ஏற்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

சம்பளமும் நிரந்தர வேலையும் கேட்பவருக்கு அருங்காட்சியகம் எதற்கு என்பது நியாயமான எதிர்வாதம். அவற்றுக்கு அது மாற்று அல்ல. ஆனால் அவற்றைக் கேட்கச் சான்று வேண்டும். பல மின்னணு ஆலைகளில் கைபேசியை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உள்ளே நடக்கும் வேலைக்குத் தொழிலாளி எடுத்த படமே கிடையாது. மிஞ்சுவது கைகளின் நினைவு மட்டும். எந்தத் திருகை எந்த விரலால் எடுப்பார், டார்கெட் ஏறும்போது தோள் எங்கே வலிக்கும் என்பதை வேலையை விட்டுவந்தவர் ஒரு மேசை முன் உட்கார்ந்து செய்து காட்டுவதைப் படம்பிடித்தால், அது காட்சிப்பொருளும் ஆகும், தொழில்நோய் பற்றிய ஆவணமும் ஆகும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, விடுதி உணவுப் பட்டியல், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஆகியவற்றோடு, சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர் வைத்திருக்கும் பட்டாவும் சேரவேண்டும். ஏரிப் பாசனத்தை இழந்தவரும் லைனில் நிற்பவரும் ஒருவரையொருவர் அந்நியராகவே பார்க்கிறார்கள். இரு தரப்பின் கதையும் ஒரே கூரையின்கீழ் வருவதே ஒரு மாற்றம்.

இடம் விடுதி வளாகத்திலோ அதன் வாசலிலோ அமையவேண்டும். அரசு கட்டிய வளாகம் என்பதால் அங்கே ஓர் அறை கேட்பது உரிமை. அலுவலக நேரத்தில் திறந்து மூடினால் ஷிப்ட் பார்ப்பவருக்குப் பயன் இல்லை. நிர்வாகக் குழுவில் தொழிலாளரும் முன்னாள் தொழிலாளரும் பெரும்பான்மையாக இருக்கவேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ஏற்றாலும் எதைக் காட்டுவது என்பதில் அவற்றுக்கு வாக்கு கூடாது. வாய்மொழிப் பதிவு தந்தவரின் வேலைக்கு அதனாலேயே ஆபத்து வரலாம். ஆகவே பெயர் வெளிவருமா, பதிவை எத்தனை ஆண்டு மூடிவைப்பது, பிறகு யார் கேட்கலாம் என்பதைத் தந்தவரே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெறவும் அவருக்கு வழி இருக்கவேண்டும்.