ஜிம்மியின் பல்லும் இதயமும்: ஒரு சின்ன வரலாறு



எங்கள் வீட்டு ஜிம்மி (பொமரேனியன், வயது 12) இறந்து நாலு மாதம் ஆகிறது. இதய வால்வு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். விசாரிக்க வந்த எதிர்வீட்டு மாமா, "பல்லைக் கவனிக்காம விட்டா கிருமி நேரா இதயத்துக்குப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே குற்ற உணர்ச்சி. ஜிம்மியின் வாய் நாற்றத்தைக் கிண்டல் செய்ததோடு சரி, ஒருநாள் கூட நாங்கள் பல் தேய்த்துவிட்டதில்லை. மாமா சொன்னது உண்மையா என்று தேடினேன். பார்த்தால், இது நூறு வருடத்துக்கும் மேலான கதை!

1910-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். கெட்ட பல்லின் மேல் தங்க உறை போட்டு மூடினால், உள்ளே தங்கும் சீழ் உடம்பு முழுவதையும் கெடுக்கும் என்பது அவர் வாதம். சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸும் இதே கருத்தைப் பரப்பினார். விளைவு? மூட்டுவலிக்குக்கூட பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பற்களும் சேர்ந்து போயின. 1938-ல் செசில், ஆஞ்சவின் என்ற இருவர் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பிடுங்கியதால் பெரிய பலன் இல்லை என்று எழுதினார்கள். மோகம் மெல்லக் குறைந்தது.

1989-ல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று, மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்ததாகச் சொன்னது. பழைய கதைக்கு மறுபடி உயிர் வந்தது.

அடுத்து நாய்கள். 1996-ல் அமெரிக்காவில் 45 நாய்களின் உறுப்புகளைச் சோதித்தார்கள். ஈறு நோய் முற்றிய நாய்களின் சிறுநீரகம், கல்லீரல், இதயத் தசைகளில் மாற்றங்கள் அதிகம் தெரிந்தன. 2009-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் ஈறு நோய் உள்ள 59,296 நாய்களையும், இல்லாத அதே அளவு நாய்களையும் ஒப்பிட்டார்கள். ஈறு நோய் உள்ளவற்றுக்கே இதய நோயும் கூடுதல். ஆனால் அதே ஆண்டு, அதே கால்நடை மருத்துவ இதழில், பென்சில்வேனியா ஆய்வாளர்கள் இதய வால்வில் கிருமி தாக்கிய 76 நாய்களை ஆராய்ந்துவிட்டு, பல் நோயோடு தொடர்பு தெரியவில்லை என்றார்கள்!

நான் படிப்பது காமர்ஸ். எங்கள் புள்ளியியல் பேப்பரில் முதலில் சொல்லித் தருவதே இதுதான்: இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. பொமரேனியன் மாதிரி சின்ன நாய்களுக்கு வயதானால் ஈறு நோயும் அதிகம், வால்வு தேய்மானமும் அதிகம். மனிதர்கள் விஷயத்திலேயே, ஈறு நோய்தான் இதய நோயைக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா. வாய் வலிச்சிருக்குமே, அது யாருகிட்ட சொல்லும்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. நூறு வருட ஆராய்ச்சியில் யாரும் மறுக்காத விஷயம் அது ஒன்றுதான். உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இன்றைக்கே அதன் உதட்டைத் தூக்கி ஈறை ஒருமுறை பாருங்கள். சிவந்து வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பேஸ்ட் மட்டும் வேண்டாம், நாய்களுக்கென்றே தனியாக இருக்கிறது.