ரோவன் மரமும் ஒரு சிற்றந்தும்

ஒஸ்லோ நகரம் கிறிஸ்தியானியா என்று வழங்கிய காலத்தில், 1811இல் நிறுவப்பெற்ற அதன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விலங்கியல் அருங்காட்சிசாலையில் பணியாற்றிய ஸீப்கே என்னும் அறிஞர், நார்வே நாட்டுப் பூச்சிகள் அனைத்தையும் லத்தீன் மொழியில் அட்டவணைப்படுத்துவதையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். 1875இல் அவர் மறைந்தார். வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய பகுதி மறுஆண்டில், ஸ்னைடர் என்னும் இளம் அறிஞரின் மேற்பார்வையில் வெளிவந்தது. அத்தகைய அட்டவணைகளில் சில வரிகளில் அடங்கிவிடும் சிற்றுயிர்களுள் ஒன்று ஆர்கிரெஸ்தியா என்னும் பேரினம்.

1825இல் ஜெர்மானிய அறிஞர் ஹியூப்னர் பெயரிட்ட இப்பேரினத்தை அடையாளங் காண்பது கண் பழகியவர்க்கு அரிதன்று. இறகை விரித்தாலும் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாத இப்பூச்சிக்கு ஒடுங்கிய இறகுகளும், அவற்றின் ஓரத்தில் நீண்ட மயிர்த்தொங்கலும், பொன்னோ வெள்ளியோ எனப் பளபளக்கும் செதில்களும் உண்டு; இலையில் அமரும்போது தலையைத் தாழ்த்தி, உடலின் பின்பகுதியைச் சாய்வாக மேலே தூக்கி நிற்கும் அதன் நிலையே பெரும்பாலும் பேரினத்தை அறிவித்துவிடும். இனத்தை நிச்சயிப்பதோ அவ்வளவு சுலபமன்று. இறகின் வரிகளையும் புழு வளர்ந்த மரத்தையும் ஒப்புநோக்கியும் ஐயம் தீராவிடில், நுண்ணோக்கியின் கீழ் இனப்பெருக்க உறுப்புகளைப் பரிசோதித்தே முடிவு கூறுவர்.

இவ்வினங்களுள் நார்வே உழவர் மறக்கவியலாதது, 1839இல் ட்செல்லர் என்னும் அறிஞர் விவரித்த கான்ஜுகெல்லா. ஊதா கலந்த பழுப்பு நிறமுடைய அதன் முன்னிறகின் பின்விளிம்பை ஒட்டி ஓடும் வெண்பட்டையைக் கரிய குறுக்குக் கோடொன்று துண்டிக்கும். காடுகளில் செங்கொத்துகளாய்ப் பழுக்கும் ரோவன் மரத்தின் கனிகளே இதன் புழுவுக்கு இயற்கை உணவு. அம்மரமோ ஓராண்டு மிகுதியாய்க் காய்த்து மறுஆண்டு பொய்த்துவிடும் சுபாவமுடையது. ஆகவே, காய்ப்பு மிகுந்த ஆண்டில் பெருகி, மண்ணிற் கூட்டுப்புழுவாய்க் குளிர்காலத்தைக் கழித்து வெளிவரும் பூச்சிகள், முட்டையிட ரோவன் காய்கள் கிட்டாதபோது ஆப்பிள் தோட்டங்களை நாடுகின்றன. அவற்றின் புழுக்கள் நூல்போன்ற சுரங்கங்களாகக் குடைந்த பழம் கசந்து, சந்தைக்கு உதவாமற் போகும்.

நார்வேயின் முதல் அரசாங்கப் பூச்சியியல் அறிஞரான ஷோயென், பயிரழிக்கும் பூச்சிகளைப் பற்றி உழவர்க்கென அறிக்கைகள் எழுதினார். 1904இல் பூச்சியியல் சங்கமும் தோன்றியது. பிற்காலத்து விஞ்ஞானிகளோ, காட்டு ரோவன் மரங்களின் பூங்கொத்துகளையும் முந்தைய ஆண்டின் பூச்சிப் பெருக்கத்தையும் கணக்கிட்டு, ஆப்பிளுக்கு அவ்வாண்டு அபாயமுண்டா என்று முன்னறிவிக்கும் முறையை வகுத்தனர். அபாயமில்லாத ஆண்டில் வீணாக மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

பூச்சிக்குப் பெயரிடுவதும் அட்டவணை எழுதுவதும் பயனற்ற பொழுதுபோக்கு என்று கருதுவோர் இவ்வரலாற்றைச் சிந்திக்க வேண்டும். எந்தப் பூச்சி எந்த மரத்துக்குரியது என்று நிச்சயித்த பிறகே உழவனைக் காக்கும் உபாயம் பிறந்தது. நம் நாட்டுச் சிற்றந்துகளையும் அவ்வண்ணமே பொறுமையோடு ஆராயும் இளைஞர்கள் பெருக வேண்டும்.