சுவடியும் சாரீரமும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் போக விரும்பிய பிரயாணிக்கு, நாகர்கோவில் வழியாக இருப்புப்பாதை அமையும் வரையில், ரயிலில் நேர்வழி என்பது கிடையாது. செங்கோட்டை சேர்ந்து, ஆரியங்காவு மலைகளின் சுரங்கங்களையும் பாலங்களையும் கடந்து, புனலூர் வழியே கொல்லத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் தெற்கே திரும்பியே அவர் அந்நகரை அடைய வேண்டியிருந்தது. 1904-ல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையின் தொடர்ச்சி 1918-ல் நகரத்தின் ஓரமான சாக்கை வரையில் வந்து நின்று, 1931 நவம்பரில்தான் ஊரின் நடுவிலுள்ள தம்பானூருக்கு வந்து சேர்ந்தது. இன்று பஸ் நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே நின்று இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் அந்தத் தம்பானூரிலிருந்து, சற்று நடக்கக் கூடியவர் எவரும், தைக்காட்டுச் சங்கீதக் கல்லூரியையும், கோட்டைக்குள் பத்மநாப ஸ்வாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தையும், வலியசாலை அக்ரஹாரத்தையும் ஒரே மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். நாட்டியத்துக்கும் கீதத்துக்கும் சர்வகலாசாலைப் பட்டம் உண்டு என்பதை நம் தேசம் ஒப்புக்கொண்ட வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. அதில் பெரும் பங்கு கொண்ட இருவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்.

முதலாமவர் தருவை கணபதி சாஸ்திரிகள். திருவாங்கூர் ராஜாங்கத்தின் ஸம்ஸ்கிருதச் சுவடிகளைத் தேடி அச்சிடுவதற்கென்று 1908-ல் ஏற்பட்ட இலாகாவின் பொறுப்பை ஏற்ற அவர், ஊர் ஊராகவும் மடம் மடமாகவும் சுவடி தேடி அலைந்த நாட்களில், பத்மநாபபுரத்துக்கு அருகே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய மணலிக்கரை என்னும் ஊரிலுள்ள மடத்தில், மலையாள லிபியில் எழுதப்பட்ட ஓர் ஓலைக்கட்டைக் கண்டெடுத்தார். அதில் முழுமையாகப் பத்து நாடகங்களும், முற்றுப்பெறாத பதினொன்றாவது ஒன்றும் இருந்தன. ஆசிரியர் பெயரோ எதிலும் இல்லை. பின்னர் கிடைத்த இரண்டையும் சேர்த்துப் பதின்மூன்றையும் பாஸ மகாகவியின் இழந்துபோன நாடகங்களே என்று அவர் நிர்ணயித்து, ஸ்வப்னவாஸவதத்தத்தை 1912-ல் அச்சிட்டபோது, காளிதாசனே பணிந்து பெயர் சொன்ன ஒரு கவி பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு உயிர்த்தெழுந்தான் என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் வியந்தார்கள். ஆங்கில முறைக் கல்லூரிகளில் ஆராய்ச்சி மாணவராக ஒரு நாளும் உட்கார்ந்திராத அந்த வைதிகப் பண்டிதருக்கு ஜெர்மனியின் ட்யூபிங்கன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்துத் தன்னையே கௌரவித்துக்கொண்டது.

ஆனால் இந்தக் கதையில் வேறொரு சங்கதி உண்டு. அதுதான் எனக்கு எப்போதும் ருசிகரமாகத் தோன்றுவது. உலகம் இழந்துவிட்டதாக நினைத்த அந்த நாடகங்களின் அங்கங்கள் பலவற்றை, கேரளத்துக் கோயில்களின் கூத்தம்பலங்களில், சாக்கியார்கள் கூடியாட்டமாகத் தலைமுறை தலைமுறையாக ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் மூன்றாம் அங்கம் அவர்களுக்கு மந்திராங்கம்; நாற்பத்தொரு நாள் விரித்து நடிக்கப்படுவது. நங்கையார் தாளம் தட்ட, நம்பியார் மிழாவு கொட்ட, குத்துவிளக்கின் முன்னே ஒற்றைச் சாக்கியார் ஒரு சுலோகத்தைக் கண்ணாலும் கையாலும் ஒரு ராத்திரி முழுவதும் விவரித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே நாடகத்தின் மூலபாடம் எங்கே போயிற்று என்று புஸ்தகசாலைகளில் தேடிக்கொண்டிருந்தார்கள். மேடையின் சாட்சியம் ஆராய்ச்சி மன்றத்துக்கு வந்து சேர்ந்ததும் விசித்திரமான முறையிலேதான். இவை பாஸனுடைய அசல் நாடகங்கள் அல்ல, சாக்கியார்கள் தங்கள் ஆட்டத்துக்காகத் திரட்டிச் சுருக்கிக்கொண்ட பாடங்களே என்று பிஷாரடி குலத்துப் பண்டிதர் இருவர் 1923-ல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வாதாடினார்கள். அந்த வழக்கு முழுவதுமாகத் தீர்ந்தபாடில்லை. எனினும், நாடகச் சுவடி ஒன்றை ஆராய்கிறவன் அதை ஆடுகிறவனையும் விசாரிக்க வேண்டும் என்பது அன்றோடு நிலைபெற்றுவிட்டது. சாஸ்திரிகள் தொடங்கிய அதே நூல் வரிசையில் பார்சுவதேவருடைய சங்கீத சமயசாரமும், ராகம் என்பதற்கு முதன்முதலாக லக்ஷணம் கூறிய மதங்கருடைய பிருஹத்தேசியும், திருவாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் இயற்றிய பாலராமபரதமும் பின்னர் அடுத்தடுத்து அச்சேறின. பிருஹத்தேசி 1928-ல் வெளிவந்தபோது குறைப்பிரதியாகவே வந்தது. வாத்தியங்களைப் பற்றிய பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டாமவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1877-ல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, திருவாரூரில் பதினைந்துமண்டபம் சாம்பசிவ ஐயரிடம் குருகுலவாசம் செய்து, கச்சேரியிலும் ஹரிகதையிலும் ஒருங்கே புகழ் ஈட்டி, மைசூர் சமஸ்தானத்தில் சாமுண்டேசுவரி மீது நூற்றெட்டுக் கீர்த்தனைகள் பாடியவர் அவர். சங்கீத சாஸ்திரத்தில் அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு நிரோஷ்டா ராகம் ஒன்றே போதிய உதாரணம்: மத்தியமமும் பஞ்சமமும் நீங்கிய அந்த ராகத்தில், ஸ்வரம் பாடும்போது உதடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, சாகித்தியத்திலும் அந்த நியமத்தையே கடைப்பிடித்து, உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே அவர் கீர்த்தனம் அமைத்தார். வித்தை காட்டுவது என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். ராகத்தின் லக்ஷணத்தை அலசி, அதிலுள்ள ஒரு தன்மையைக் கண்டுபிடித்து, அதையே லக்ஷியமாகப் பாடிக் காட்டுவதுதானே ஆராய்ச்சி?

சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், வீணையில் வல்லவரான அவருடைய தாயார் சேது பார்வதி பாயின் ஊக்கத்தால், சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைத் திரட்டி வெளியிடும் பணிக்குப் பாகவதர் திருவனந்தபுரம் வந்தார். 1939-ல் சுவாதித் திருநாள் பெயரால், பின்னாளில் தைக்காட்டுக் கல்லூரியாக விளங்கிய சங்கீத அகாடமி தொடங்கப்பட்டபோது முதல் தலைவரும் அவரே. 1937-ல் சர். சி. பி. ராமசாமி ஐயரைத் துணைவேந்தராகக் கொண்டு பிறந்திருந்த திருவாங்கூர் சர்வகலாசாலை, பாகவதர் இயற்றிய சங்கீத கல்பத்ருமம் என்னும் கிரந்தத்தைப் பாராட்டி 1943-ல் அவருக்கு டி.லிட். பட்டம் வழங்கியது. பாரதநாட்டில் இசைவாணர் ஒருவர் பெற்ற முதல் டாக்டர் பட்டம் அது என்பர். மேற்பார்வையாளரோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமர்ப்பிக்கும் அறிக்கையோ, அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையோ அவருக்கு இருக்கவில்லை; ஆயினும் ஐம்பது வருஷம் பாடிப் பழகிய சாரீரம் ஒன்று அந்த நூலுக்குப் பின்னால் இருந்தது. ஆறு வயதுச் சர்வகலாசாலை ஒன்று, வயதிற் பெரிய சர்வகலாசாலைகள் தயங்கி நின்ற இடத்தில், அதனைச் சான்றாக ஏற்றுக்கொண்டதை நான் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். சரியான தீர்ப்பு என்றே சொல்வேன். 1945-ல் பாகவதர் மைசூரில் காலமானார்.

சாரீரத்தை மட்டும் நம்பினால் போதுமா என்ற கேள்வியும் இதே ஊரில்தான் கூர்மையாக எழுந்தது. 1813-ல் பிறந்து 1846-ல் மறைந்த சுவாதித் திருநாளின் சபையைத் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு முதலிய பலர் அலங்கரித்தனர் என்றாலும், மன்னருக்குப் பின் அவருடைய உருப்படிகளில் பெரும்பகுதி ஏட்டளவில் நின்று, பாடும் மரபு அறுந்துபோயிற்று. அறாமல் நின்றவற்றுள் தலையானவை நவராத்திரிக் கீர்த்தனைகள். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் எழுந்தருளி வந்து சேர, ஒன்பது இரவுகளுக்கு ஒன்பது ராகங்கள் என்று விதிக்கப்பட்ட அவற்றை முல்லமூடு பாகவதர்கள் வழிவழியாகக் காப்பாற்றி வந்தார்கள். கூரையிலிருந்து மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு நாதம் சீர்பட அமைத்த நவராத்திரி மண்டபத்தில், சபையோர் கைதட்டக் கூடாது. தேவி சந்நிதியை நோக்கியே வித்வான் பாட வேண்டும். மற்றக் கீர்த்தனைகளில் பலவற்றுக்கு முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் 1963 வரையில் கல்லூரித் தலைவராக இருந்த செம்மங்குடி ஸ்ரீநிவாஸ ஐயரும் வர்ணமெட்டு அமைத்தார்கள். அந்த மெட்டுகளின் அழகில் ஐயமில்லை. இன்று நாடெங்கும் பாடப்படுவதற்கு அந்த அழகே காரணம். ஆனால், மன்னரின் சாகித்தியம் எது, வித்வானின் சங்கீதம் எது என்பதை அன்றே விளக்கமாகப் பதிந்து வைக்காமையால், 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே உண்டா என்று கேட்குமளவுக்கு விவாதம் முற்றிவிட்டது. அவர் முடிவு மிகையானது என்பது என் எண்ணம். எனினும் 'இதற்குச் சான்று எது?' என்ற கேள்வியைப் பழக்கமாக்கும் ஆராய்ச்சி முறையின் பயனை, அந்தக் கசப்பான விவாதத்தைக் காட்டிலும் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை.

பட்டத்துக்கும் பாட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்தது பிறகுதான். சென்னையில் பேராசிரியர் சாம்பமூர்த்தி சங்கீதத்தைச் சர்வகலாசாலைப் பாடமாக்கினார், சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் இசைக்கல்லூரி விளங்கியது, படிப்படியாகப் பி.எச்.டி. என்பது எழுதத் தெரிந்தவருடைய சொத்தாகவும், கச்சேரி என்பது பாடத் தெரிந்தவருடைய சொத்தாகவும் பிரிந்தன. விலக்குகளும் உண்டு. அண்ணாமலையில் பயின்ற வித்வான் எஸ். ராமநாதன், தம் ஐம்பத்தேழாவது வயதில், சிலப்பதிகாரத்து இசையைப் பற்றிய ஆய்வுக்காக 1974-ல் டாக்டர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில். அடுத்த ஆண்டு அதே இடத்தில் ராக ஆலாபனையைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றவர் புல்லாங்குழல் வித்வான் டி. விசுவநாதன். நம் வித்வான்களின் லக்ஷிய ஞானத்துக்கு லக்ஷணப் பட்டம் தர, கடல் கடந்த ஒரு கலாசாலை வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, 1943-ல் திருவனந்தபுரம் செய்த காரியத்தின் அருமை புலப்படுகிறது.

பெண்களின் கதை இன்னும் தாமதமானது. தைக்காட்டு அகாடமியில் சேர்ந்த முதல் மாணவியும், கானபூஷணம் தேர்வில் முதலாவதாகத் தேறியவரும், பின்னர் அங்கேயே ஆசிரியையாக இருந்தவருமான பாறசாலை பொன்னம்மாள், தாம் படித்த கல்லூரிக்குச் சமீபத்திலேயே உள்ள நவராத்திரி மண்டபத்தில் பாட அனுமதிக்கப்பட்டது 2006-ல். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவருக்குமுன் அங்கே பெண் எவரும் பாடியதில்லை.

இன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், பரம்பரையாகவோ தொழிலாகவோ கலை பயின்று, புகழ்பெற்ற குருவிடம் கற்று, வானொலியில் 'ஏ' வகுப்புத் தகுதி பெற்றவர்களையும் ஆசிரியப் பதவிக்கு ஏற்கலாம் என்கின்றன. ஆசிரியராக ஏற்கலாமென்றால், ஆராய்ச்சியாளராக ஏன் கூடாது? இசையிலும் கூத்திலும் டாக்டர் பட்டத்துக்கு முன்வரும் மாணவர்களிடம் முன்னூறு பக்கத்தோடு ஒரு மணி நேரக் கச்சேரியோ, ஓர் அங்க ஆட்டமோ கேட்டுப் பெற்று, அதைத் தேர்வாளர் முன்னிலையில் ஆய்வின் பகுதியாகவே மதிப்பிட வேண்டும். தேர்வுக் குழுவில் ஒரு வித்வானாவது, ஒரு சாக்கியாராவது அமர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. துணைவேந்தர்கள் மனம் வைத்தால் வருகிற கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். அதுவரையில், தம்பானூரில் இறங்கிக் காரியவட்டத்துச் சுவடி நிலையத்துக்குப் பஸ் ஏறும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: வலியசாலையில் மார்கி நிறுவனத்தின் கூடியாட்டக் களரி இருக்கிறது, தங்கள் ஆராய்ச்சி நாட்களில் சிலவற்றையேனும் அங்கே செலவிடுங்கள்.