மண்டையோட்டுச் சீரமைப்பு: சிக்கல்களின் வரலாறு

தலைக்காயத்தாலோ மூளை வீக்கத்தாலோ கட்டியாலோ எடுக்கப்பட்ட மண்டையோட்டுப் பகுதியின் இடத்தை மீண்டும் மூடும் அறுவை இது. தருமபுரி மாவட்டத்தில் இது தொப்பூர் கணவாய் இறக்கத்து விபத்துகளோடு சேர்த்தே பேசப்படுகிறது; பேச்சு வழக்கில் ‘தலையில் பிளேட் வைப்பது’.

அகத்தியர் கபாலம் திறந்து தேரையை நீக்கினார், சந்தானகரணி மூலிகையால் மூடினார் என்பது சித்த மருத்துவ மரபு. இதை வரலாறாகக் கொள்வதில் ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பாவில் யோப் வான் மீக்கரனின் நூல் (1668), ரஷ்யப் பிரபு ஒருவருக்கு நாயின் எலும்பு பொருத்தப்பட்டதைக் கூறுகிறது. திருச்சபை அப்பிரபுவை விலக்கியது. பின்னர் அவர் கேட்டபடி எலும்பை எடுக்க முடிந்ததா என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன.

இரண்டாம் உலகப் போர்க்காலம் பற்றியே குறிப்புகள் மிகுதி. அதற்கு முன் வந்த அலுமினியத் தகடு திசுவை உறுத்தியது. போரில் பரவிய டான்டலம் திசுவோடு ஒத்துப்போனாலும் வெயிலில் சூடேறித் தலைவலி தந்தது. எக்ஸ்ரேயில் உள்ளிருப்பதை மறைத்தது. அடுத்து வந்த அக்ரிலிக் மலிவு. அறுவை மேசையிலேயே பிசைந்து வடிவமைக்கலாம். இறுகும்போது மிகவும் சூடாவதால் நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் அது விரிசல் விடலாம். ரத்த ஓட்டமில்லாத பொருளில் கிருமி படிந்தால் மருந்து எட்டுவது அரிது. பெரும்பாலும் கழற்றிவிட்டுப் பல மாதம் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியில் தோல் குழிந்து தலைவலி, தலைச்சுற்றல், சோர்வு தோன்றலாம். இந்நிலையை கிராண்ட், நார்க்ராஸ் இருவரும் 1939இல் விவரித்தனர்.

சொந்த எலும்பே சிறந்தது என்போர் பலர். இந்திய மருத்துவமனைகளில் அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் பை போல் திறந்து வைத்துத் தைக்கும் வழக்கம் உண்டு. தலை எலும்பை வயிற்றில் சுமந்தபடியே அவர் வீடு திரும்புவார். உறைபெட்டியும் மின்சாரமும் வேண்டாத சேமிப்பு இது. ஆனால் திரும்பப் பொருத்திய எலும்பு மெல்லக் கரையலாம். குழந்தைகளிடம் இது கூடுதல். உறைபெட்டியில் வைத்தது அதிகம் கரையுமா, வயிற்றில் வைத்ததா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ரத்தக்கசிவு, வலிப்பு, மூளைநீர்த் தேக்கம் ஆகியவை எப்பொருளுக்கும் பொது.

தமிழகத்தில் நரம்பியல் அறுவைத்துறை வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியால் 1949இலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியால் 1950இலும் தொடங்கியது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் வந்தது.

இப்போது ஸ்கேன் அளவுப்படி டைட்டானியத் தகடுகள் அச்சிடப்படுகின்றன. மேல்தோல் மெலிந்தால் அவையும் வெளியே தெரியும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது; ஆனால் ஓட்டை மூடும் அறுவை வாரங்கள், மாதங்கள் கழித்தே வருகிறது.