விபத்து இழப்பீட்டில் விழுக்காட்டுக் கட்டணம்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து

திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமென்ட் ஆலைகளையும் நம்பி லாரிகள் ஓடுகின்றன. எனவே இங்கே வழக்கறிஞரின் தொழில் ஒழுக்கத்தை உரசிப் பார்க்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே தக்க இடம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் 20ஆம் விதி தடுக்கிறது. தெலங்கானாவில் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்மீது கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் தொடுத்த காசோலை வழக்கை 2017 டிசம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இழப்பீட்டில் விழுக்காடு கேட்பது தொழில் ஒழுங்கீனம் என்றது. இந்தத் தடையைத் தொழிலின் கண்ணியத்தைச் சொல்லியே பெரும்பாலும் நியாயப்படுத்துகிறார்கள். இழப்பீடு கணக்கிடப்படும் முறையிலேயே அதைவிட வலுவான நியாயம் இருக்கிறது என்பது என் வாதம்.

உயிரிழப்பு வழக்குகளில் தொகையைப் பெரிதும் தீர்மானிப்பவை 2009இன் சரளா வர்மா தீர்ப்பு தந்த, ஆண்டு வருமான இழப்பை வயதுக்கேற்பப் பெருக்கும் பெருக்கி அட்டவணையும், அரசியல் சாசன அமர்வு 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்த எதிர்கால வருமான உயர்வு விகிதமும்தான். மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய இரு சுயதொழிலாளர்கள் இறந்ததாகக் கொள்வோம். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 58. ஒவ்வொருவரையும் நம்பி மூவர் இருந்தால், இறந்தவரின் சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழியும். முதலாமவருக்குப் பெருக்கி 18, உயர்வு 40 விழுக்காடு. வருமான இழப்பு 30,24,000 ரூபாய். இரண்டாமவருக்குப் பெருக்கி 9, உயர்வு 10 விழுக்காடு, 11,88,000 ரூபாய். இருபது விழுக்காடு பேசியிருந்தால் கட்டணம் முறையே 6,04,800, 2,37,600 ரூபாய். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வருமானச் சான்று, சாட்சி விசாரணை என்று இரண்டு வழக்கிலும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த வேறுபாடு இறந்தவரின் இளமைக்குப் போட்ட விலை. இளம் விதவையும் சிறு குழந்தைகளும் அதிக ஆண்டுகள் தாங்க வேண்டியிருப்பதால்தான் சட்டம் கூட்டிக் கொடுக்கிறது. அந்தக் கூடுதலிலிருந்து பங்கு கேட்க உழைப்பின் பெயரால் எந்த உரிமையும் பிறப்பதில்லை.

கையில் காசில்லாத குடும்பம் வேறெப்படி வழக்கறிஞரை அமர்த்தும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் இம்முறை ஏற்கப்பட்டிருக்கிறதே என்றும் சொல்லலாம். அங்கே ஜூரி நிர்ணயிக்கும் தொகை வழக்கறிஞரின் வாதத்தால் பெரிதும் ஏறி இறங்கக்கூடும். தோற்றால் உழைப்பு வீண் என்ற அபாயமும் அவருக்கு உண்டு. இங்கே காப்பீடு செல்லுபடியாகும் வாகனமாக இருந்து ஓட்டுநரின் கவனக்குறைவும் தெளிவாக இருந்தால் அந்த அபாயம் சிறிது. மோதிய வாகனம் எது என்றே தகராறு உள்ள வழக்கு வேறு. அதில் உழைப்பு உண்மையிலேயே அதிகம், கட்டணமும் அதிகமாக இருப்பது நியாயம். ஆனால் அதை உழைப்பைக் கொண்டே அளக்கலாம். பணமில்லாமைக்கு மாற்று, கட்டணத்தை நிலையான தொகையாகப் பேசி, வாங்குவதைத் தள்ளிவைப்பது. 20ஆம் விதி தவணையைத் தடுக்கவில்லை, பங்கைத்தான் தடுக்கிறது. அதோடு, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. அந்த உதவி எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை என்ற குறையை நான் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் ஆணையத்தைச் சீராக்குவதுதான்.

விதி இருந்தும் பலன் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் அமலாக்கம். வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவு பெரும்பாலும் புகாரால்தான் அசைகிறது. புகார் போக வேண்டிய மாநில பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது; செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ உள்ள ஒரு விதவை, தன் வழக்கு இன்னும் எவர் கையில் இருக்கிறதோ அவர்மீதே அங்கே புகார் எழுதுவாரா? எனவே கண்காணிப்பு தீர்ப்பாயத்திலேயே தொடங்க வேண்டும். மனுவோடு கட்டண ஒப்பந்தத்தையும் எழுத்தில் தாக்கல் செய்யச் சொல்லலாம். தொகையை நேரே மனுதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். இது இருவருக்கிடையே உள்ள ஒப்பந்தத்தில் தலையிடுவதாகும் என்ற மறுப்பு நிற்காது: சிறுவர்களின் பங்கை வங்கியில் வைப்பாக வைத்து, அதை எப்போது எடுக்கலாம் என்பதையும் தீர்ப்பாயம் ஏற்கெனவே தீர்மானித்து வருகிறது.