நம்பர் ஒத்துப்போகாத மோட்டார் சைக்கிள்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் சேர்க்கிற ஆட்கள் முதலில் பார்க்கிறது நம்பரைத்தான். பெயின்ற், குரோம் எல்லாம் பிறகு. சேஸியில் குத்தியிருக்கிற நம்பரும் எஞ்சினில் குத்தியிருக்கிற நம்பரும் தொழிற்சாலையில் இருந்து ஒன்றாகவே வெளியே வந்தவையா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. ஆம் என்றால் இங்கிலாந்தில் ஒரு விலை, இல்லையென்றால் வேறொரு விலை.

அந்தக் கேள்வியைப் பஞ்சிகாவத்தையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். இந்த நாட்டில் மிச்சம் இருக்கிற பழைய பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், மட்ச்லெஸ், ஏரியல்களில் கனக்க, ஒரு குவியலில் இருந்து பொறுக்கிக் கட்டினவை. சேஸி கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுப் பின்வளவில் கிடைத்திருக்கும். எஞ்சின் களனிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில். முன் சில்லு வேறொரு கொம்பனியின்ர, கார்புரேற்றர் ஜப்பானின்ர. சேகரிப்பாளர்கள் இதைக் குறை என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பிழையான சாமானும் ஏன் அங்கே வந்தது என்று பின்னால் தேடிப்போனால் எண்பது வருட இலங்கை வருகிறது. அதைவிட முக்கியம், நம்பர் ஒத்துப்போகாதது இங்கே விலைப் பிரச்சினையோடு நின்றதில்லை. சைக்கிள் யாருடைய கையில் இருந்தது என்பதைப் பொறுத்து அது வேறொன்றாகவும் மாறியது.

குவியலின் அடியில் கிடக்கிறது இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 1944-ல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமே பேராதனைக்கு வந்துவிட்டது. அந்தப் போருக்காக பிரித்தானியா செய்த மோட்டார் சைக்கிள்களின் கணக்கு கொஞ்சநஞ்சம் இல்லை: பீ.எஸ்.ஏ. எம்20 கிட்டத்தட்ட 126,000, நோர்ட்டன் 16எச் ஒரு லட்சம் அளவில், மட்ச்லெஸ் ஜி3 வகை 80,000 அளவில். (பீ.எஸ்.ஏ. என்பதன் விரிவே பேர்மிங்காம் சிறு ஆயுதங்கள். துவக்குச் செய்தவர்கள்தான் சைக்கிளும் செய்தார்கள்.) இராணுவ வேர்க்‌ஷொப்பில் பழுதுபார்க்கிற முறை எப்படியென்றால், வரிசையாக எஞ்சின்களைக் கழற்றி, திருத்தி, அடுத்து வருகிற சேஸியில் எது கைக்கு வருதோ அதைப் பூட்டி அனுப்புவது. போதாததற்கு, 1950-களில் பீ.எஸ்.ஏ. தொழிற்சாலையே சேஸிக்கும் எஞ்சினுக்கும் வெவ்வேறு நம்பர்தான் குத்தியது. ஆகவே நம்பர் கலந்தது எங்கட மெக்கானிக் பாஸ்மாரின் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலப்பைத் தொடக்கி வைத்தது துரைமார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் புதுச் சைக்கிளும் புதுச் சாமானும் தாராளமாக வந்தன. பிறகு வெளிநாட்டுச் செலாவணி இறுகியது. 1960-களில் இறக்குமதிக் கட்டுப்பாடு, 1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சியில் கதவு கிட்டத்தட்ட முழுதாகவே பூட்டு. பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நோர்ட்டனுக்கு பிஸ்ரன் கேட்டு யார் கடிதம் போடுவது? அதே நேரம் அங்கே இங்கிலாந்திலும் அந்தக் கொம்பனிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. றோயல் என்ஃபீல்டின் றெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. பீ.எஸ்.ஏ. 1970-களின் தொடக்கத்தில் விழுந்தது. கடிதம் போட்டாலும் எடுக்க அங்கே ஆள் இல்லை.

அந்த இடைவெளியில்தான் லேத்காரர்கள் வந்தார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து லைனர் இறக்கினார்கள். பித்தளையில் புஷ் கடைந்தார்கள். உடைந்த கிரான்க் கேஸை ஒட்டினார்கள். கடலுக்கு அங்கால ஒரு துணையும் இருந்தது. றோயல் என்ஃபீல்ட் புல்லட்டை 1955-ல் மெட்ராஸில் பூட்டத் தொடங்கி, 1962 அளவில் முழுச் சாமானையும் இந்தியாவிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். திருவொற்றியூர்த் தொழிற்சாலை, இங்கிலாந்துத் தாய்க் கொம்பனி செத்த பிறகும் அதே பழைய புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. பழைய எம்20-க்கு 19 அங்குலச் சில்லு, 3.25 ரயர். புல்லட்டுக்கும் அதேதான். பேர்மிங்காம் சேஸியில் மெட்ராஸ் றிம் ஏறினதுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

1977-ல் கதவு திறந்தது. திறந்தவர் ஜே.ஆர். ஜெயவர்தன, பழைய களனித் தொகுதி எம்.பி. ஜப்பான் சைக்கிள்கள் கப்பல் கப்பலாக வந்தன: உதைத்தால் ஸ்ரார்ட் ஆகும், எண்ணெய் ஒழுகாது. அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்த பிரிட்டிஷ் சைக்கிள்கள் பின்வளவுக்குப் போயின. குவியல் உண்மையில் குவிந்தது அப்போதுதான்.

இனி, அந்தக் குவியலில் இருந்து ஒன்றைக் கட்டுவது என்ன வேலை என்று பார்ப்போம். பெரிய சாமான் கிடைக்காதது தலையிடி என்று வெளியில் இருந்து பார்க்கிறவை நினைப்பினம். தலையிடி நட்டும் போல்ற்றும்.

1841-ல் ஜோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் திருகாணிகளுக்கு ஒரு பொது அளவு முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்காவும் மெற்றிக் நாடுகளும் 60 பாகை. பிரிட்டிஷ் சைக்கிளில் விற்வேர்த் இருக்கும், அதன் நுண்ணிய தம்பி பீ.எஸ்.எஃப். இருக்கும், போதாததற்கு சைக்கிள் த்ரெட் என்று இன்னொன்று, அங்குலத்துக்கு 26 புரி. மூன்றும் ஒரே வண்டியில். இப்ப ஜப்பான் போல்ற் ஒன்றை எடுங்கள், 8 மில்லிமீற்றர். பிரிட்டிஷ் ஓட்டை பதினாறில் ஐந்து அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. போல்ற் இரண்டு சுற்று அழகாக இறங்கும், பிறகு இறுகும். “கொஞ்சம் இறுக்கமா இருக்குது” என்று ஸ்பனரைப் போட்டு அமத்தினால், ஓட்டை அலுமினியத்தில் இருந்தால் புரி முழுக்க வழித்துக்கொண்டு வரும். ஸ்பனரும் அப்படித்தான். விற்வேர்த் ஸ்பனரில் எழுதியிருக்கிற அளவு போல்ற்றின் தடிப்பு, நட்டின் அகலம் இல்லை. கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பனரின் வாய் 13.3 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் ஏறாது, 14 வழுக்கி மூலையைத் தின்னும். பழைய சைக்கிளில் வட்டமாகிப்போன நட்டு ஒன்றைக் கண்டால் அது 1977-க்குப் பிறகு கழற்றினது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பஞ்சிகாவத்தையில் பழைய தலைமுறை பாஸ்மார் போல்ற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தே எந்தப் புரி என்று சொல்லுகிறது மந்திரம் இல்லை. மூன்று அளவுகள் கலந்த நாட்டில் பிழைக்கப் பழகின கை.

மின்சாரமும் ஒரு கூத்து. லூகஸ் மக்னீற்றோவின் உள்ளே சுற்றுகிற கம்பிச்சுருளுக்கு அரக்குப் பூச்சுத்தான் காவல். எங்கட வெக்கையிலும் ஈரத்திலும் அது இளகும். காலையில் ஸ்ரார்ட் ஆகும், வெள்ளவத்தையில் நிப்பாட்டிச் சாமான் வாங்கிவிட்டு வந்தால் ஆகாது. அதனால்தான் மக்னீற்றோவைக் கழற்றிவிட்டு கார்க் கொயிலும் பற்றறியும் பூட்டினார்கள். சேகரிப்பாளர் அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டலாம். காலி வீதியில் தள்ளிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் நியாயம் தெரியும்.

சாமான்களுக்கு இனமில்லை. ஆனால் அவற்றைக் கட்டி முடித்தபின் ஒரு தகடு மாட்ட வேண்டும். அங்கேதான் கதை மாறுகிறது.

இலங்கை வாகனத் தகட்டில் முதலில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்தே எழுத்துகளைப் பொறுக்கியிருந்தார்கள். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 தொடக்கத்தில் இருந்து புதிதாகப் பதியும் வாகனங்களுக்கு சிங்கள ‘ஸ்ரீ’. தமிழரசுக் கட்சி அந்த ஜனவரியிலேயே ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கி, சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதியது. (கிரந்த எழுத்துக்காகத் தமிழர் போராடினது என்று பகிடி பண்ணலாம். ஆனால் சண்டை எழுத்துக்காக இல்லை, யாருடைய கையெழுத்தில் இந்த நாடு என்பதற்காக.) ஜூலை 26-ல் பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்தபோது போராட்டம் நின்றது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஒக்ரோபரில் ஜே.ஆர். கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். கொழும்பில் இருந்து களனி ஆற்றைக் கடந்து போகிற வழி அது. இம்புல்கொடவில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1958-ல் தேசியமயமான இ.போ.ச. பஸ்களை சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பினார்கள். அங்கே சிங்கள ஸ்ரீ அழிந்தது, தெற்கே தமிழ் எழுத்துகளின் மேல் தார் விழுந்தது. ஏப்ரல் 9 அன்று ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். பண்டாரநாயக்கவை ஆட்சிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருவரான களனி ரஜமகா விகாரையின் புத்தரக்கித்த தேரர், 1959-ல் அதே பண்டாரநாயக்கவைக் கொல்லச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டார்.

புதுப் பதிவுகளுக்குத்தான் ஸ்ரீ என்பதால் பழைய வாகனங்கள் ஆங்கில எழுத்தோடேயே ஓடின. ஒரே எம்20 குவியலில் ஒரு சேஸி ஈ.எல்., இன்னொன்று ஸ்ரீ. சட்டத்தின் கண்ணில் சைக்கிள் என்பது சேஸி நம்பரும் பதிவுப் புத்தகமும். புத்தகம் இல்லாத சேஸி நிறுத்து விக்கிற இரும்பு.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளோடும் வீடுகளோடும் சேர்ந்து வாகனங்களும் எரிந்தன. வீதியில் போன வாகனங்களை மறித்துப் பெற்றோல் எடுத்தே எரித்தார்கள். எரிந்த மோட்டார் சைக்கிளில் என்ன மிஞ்சும் என்பதை உலோகம் தீர்மானிக்கிறது. நாகக் கலவையில் வார்த்த கார்புரேற்றர் 400 பாகைக்குள் உருகிவிடும். அலுமினியக் கிரான்க் கேஸ் 660 பாகைக்குள். வார்ப்பிரும்புச் சிலிண்டரும் உருக்குச் சேஸியும் நிற்கும், ஆனால் நெருப்பில் வெந்த சேஸி இளகி வலு இழந்துவிடும். எஞ்சின் நம்பர் குத்தியிருப்பது கிரான்க் கேஸில். புத்தகம் வீட்டோடு போயிருக்கும். அப்படி எரிந்தவன் கையில் மிஞ்சினது ஒரு சிலிண்டர், ஒரு சேஸி, அவை தன்னுடையவை என்று சொல்ல ஒரு கடதாசியும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த போர்க்காலத்தில் நம்பர் என்ற சொல்லுக்கே வேறு பாரம். 2006 ஜூனில் பன்னிப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த தற்கொலைக் குண்டுதாரி இராணுவ உயரதிகாரி பாரமி குலதுங்கவைக் கொன்றார். சோதனைச் சாவடியில் மோட்டார் சைக்கிள் என்றாலே கண் விழும். புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் வேறொன்று, ஓட்டுகிறவரின் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். இங்கிலாந்தில் விலையைக் குறைக்கிற அதே விசயம் இங்கே ஒருவரை இரவு முழுக்கப் பொலிஸில் வைத்திருக்கப் போதும். அந்த வருடங்களில் கொழும்புத் தமிழர் பழைய சைக்கிள் கட்டுகிற ஆசையைத் தள்ளி வைத்ததற்கு காசு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வடக்கில் அதே காலம் வேறு மாதிரி. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணம் போகவில்லை. சேலைன் போத்தலிலோ மருந்து ஊசியிலோ இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அப்படி ஓடினது எல்லோருக்கும் தெரிந்த கதை. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் அதைத் தாங்கினதுக்குக் காரணம், அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. எம்20-க்கு 4.9-க்கு 1. ஜப்பானின் சின்ன எஞ்சின்களில் 9 அளவில் இருக்கும், மண்ணெண்ணெய் விட்டால் தட்டும். ஒரு போரில் இராணுவத்துக்காக ஓடின எஞ்சின், இன்னொரு போரில் பெற்றோலே இல்லாமல் ஓடுவதற்குத் தோதானது.

2020-ல் வாகன இறக்குமதி மறுபடி நின்றது, தனியார் வாகனங்களுக்குத் திறக்க 2025 ஆனது. 2022-ல் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். இந்த ஐந்து வருடத்தில் பின்வளவுக் குவியல்களுக்குத் திரும்பவும் ஆள் தேடி வந்தது. இந்த முறை ஓட மட்டும் இல்லை, சேர்த்து வைக்கவும். வந்தவர்கள் முதலில் செய்வது ‘பிழையான’ சாமான்களைக் கழற்றி எறிவது: மெட்ராஸ் றிம், கார்க் கொயில், லேத்தில் கடைந்த புஷ். பதிலுக்கு இங்கிலாந்தில் இருந்து ‘ஒறிஜினல் மாதிரி’ என்று வரவழைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அப்படி விற்கிற சாமான்களில் கனக்க இந்தியாவில் செய்தவை. அந்தக் கழற்றின றிம்மை எறியாமல் யாரிடமாவது குடுங்கள். 19 அங்குலம், 3.25 ரயர் இப்பவும் கிடைக்கும்.